எந்த ராகம் போடலாம் என்று கேட்பவர்களுக்கு

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பாபநாசம், சுவாமிமலை, திருவிடைமருதூர், ஆடுதுறை என்று ஸ்கூட்டி போகிற தூரம் வரைக்கும் போவேன். பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், சர்க்கரைப் புண்ணால் படுத்தவர்கள், மறதி நோய் வந்த பெரியவர்கள் ஆகியோரைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். அப்பா தவில் வாசித்தவர். சொற்கட்டும் தாளமும் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்து வளர்ந்தேன். பயிற்சியில் பாட்டையும் தாளத்தையும் சேர்த்துக்கொள்கிறேன் என்பது அக்கம்பக்கத்தில் தெரிந்த பிறகு, போகிற வீடெல்லாம் ஒரே கேள்வி: “இதுக்கு எந்த ராகம் போடணும்?”

கேட்பவர் கையில் போன் இருக்கும். அதில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியல் இருக்கும். ரத்தக் கொதிப்புக்கு ஒரு ராகம், சர்க்கரைக்கு ஒரு ராகம், மூட்டு வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. வருஷா வருஷம் ஆராதனைக்குத் திருவையாற்றில் கூட்டம் கூடுகிற பகுதி இது. இசையின் மேல் நமக்கு நம்பிக்கை அதிகம், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் நோயின் பெயர் இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது, நோயாளியைக் காணோம். அவருக்கு என்ன வயது, காது எவ்வளவு கேட்கிறது, எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தார், இப்போது அவருக்குத் தூக்கம் வர வேண்டுமா, நடை வர வேண்டுமா, பேச்சு வர வேண்டுமா, வலி மறக்க வேண்டுமா? இதில் எதுவும் அதில் கிடையாது.

ராகத்தின் பெயரை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் முடிவு செய்ய வேண்டியது, இன்றைக்கு இந்த மனிதருக்கு இசை என்ன வேலை செய்ய வேண்டும் என்பது. அது தெளிவானால் பாட்டில் எதைத் தேடுவது என்பதும் தெளிவாகும். வேகம் எவ்வளவு, தாளம் சீராக விழுகிறதா, சத்தம் எப்படி, சுருதி உயரமா தாழ்வா, சொற்கள் உண்டா, அவருக்குப் பழகிய பாட்டா, இவ்வளவுதான் நான் பார்ப்பது. ஒரே ராகத்தை வீணையில் விளம்பமாக, அதாவது மெதுவாக வாசித்தால் கேட்பவர் சாய்ந்து உட்காருகிறார். அதையே நாகஸ்வரத்தில் தவிலோடு துரிதமாக வாசித்தால் நிமிர்கிறார். பட்டியலில் இரண்டும் ஒரே பெயர்தான்.

நடையிலிருந்து தொடங்குகிறேன். இசையின் பலனைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அது.

ஆடுதுறைப் பக்கம் ஒரு பெரியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் தளர்ந்து, மெல்ல மெல்லக் கைத்தடியோடு நடக்கும் நிலைக்கு வந்திருந்தார். இடது கால் அவசரமாக முன்னால் விழும், வலது கால் நேரம் எடுத்து இழுபட்டு வரும். மகன் நல்ல எண்ணத்தில் நடைப்பயிற்சி நேரத்தில் பக்திப் பாட்டு ஓடவிட்டிருந்தார். குரலும் அருமை, பாட்டும் அருமை. ஆனால் அது விருத்தம். தாளமே இல்லாத பாட்டில் கால் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கும்?

நடைக்குத் தேவை, அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே உடம்புக்குத் தெரிகிற சீரான தாளம். 1990களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாவ்ட் என்பவரின் குழு இதை முறையாகச் சோதித்தது. பார்க்கின்சன் நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1996-லும், பக்கவாதம் வந்தவர்களிடம் செய்தது 1997-லும் வெளியாயின. சீரான தாளத்தைக் கேட்டபடி பயிற்சி செய்தவர்களுக்கு நடையின் வேகமும் எட்டி வைக்கும் அடியின் நீளமும் கூடின. காதுக்கும் அசைவை நடத்துகிற மூளைப் பகுதிகளுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. சாமி புறப்பாட்டில் மேளத்துக்குப் பின்னால் நடக்கும்போது, நாம் நினைக்காமலேயே நம் கால் அந்தத் தாளத்தில் விழுகிறதே, அந்தத் தொடர்புதான்.

செய்முறை ரொம்ப எளிது, ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் பாட்டு எதுவும் இல்லாமல் அவரை நடக்கவிட்டு 15 வினாடியில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். அதுதான் அவருடைய வேகம். சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் ஆப் போனில் இலவசமாகவே கிடைக்கிறது. அதே எண்ணில் அதை வைக்க வேண்டும். அந்த வேகத்தில் இரண்டு காலும் சமமாக விழத் தொடங்கிய பிறகுதான் ஐந்து முதல் பத்து சதவீதம் ஏற்ற வேண்டும். நிமிஷத்துக்கு 60 அடி வைப்பவருக்கு அடுத்த படி 63, அதிகம் போனால் 66. நல்ல உடம்புக்காரர் 100 முதல் 120 அடி வரை நடக்கிறார் என்பதற்காக முதல் நாளே 100-ல் பாட்டைப் போட்டால், பலமான கால் மட்டும் ஓடும், பலவீனமான கால் இன்னும் பின்தங்கும். விழுந்தால் இடுப்பு போய்விடும். அதனால் தளர்ந்த பக்கத்தில் ஒருவர் கூடவே நடந்து வர வேண்டும்.

தாளம் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பதும் முக்கியம். நாலு நாலாக எண்ணும் சதுச்ரம் நல்லது. தகதிமி என்பதில் ‘தக’ ஒரு காலுக்கு, ‘திமி’ மற்றொரு காலுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். அழுத்தம் விழுகிற ‘த’ எப்போதும் ஒரே காலில் வரும் என்பதால், அதைத் தளர்ந்த காலுக்குக் கொடுத்துவிடுவேன். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு காதுக்கு எவ்வளவு இனிமையானாலும் நடைக்கு ஆகாது. மூன்றும் நான்குமாக அடி ஒன்று குட்டையாகவும் ஒன்று நீளமாகவும் விழுவதால், ஏற்கெனவே நொண்டுகிற கால் அதிகமாக நொண்டும். ஐந்தாக எண்ணும் கண்டமும் அப்படித்தான். ஆடுதுறைப் பெரியவருக்குப் பாட்டையே நிறுத்திவிட்டு, வாயாலேயே சொற்கட்டு சொல்லி நடத்தினேன். போன் வேண்டாம், கரண்ட் வேண்டாம், அவர் தடுமாறினால் அதே நொடியில் நானும் நிறுத்தலாம். பேரனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். ‘தக திமி, தக திமி’ என்று அவன் முன்னால் பின்புறமாக நடந்துகொண்டே சொல்ல, இவர் வருவார். வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை போய் வருகிற அளவுக்கு நடை சீரானது.

பார்க்கின்சன் நோயில் கதை கொஞ்சம் வேறு. அசைவை உள்ளிருந்து நேரம் பார்த்துத் தொடங்கி வைக்கும் மூளைப் பகுதி தளர்ந்துவிடுவதால், வெளியிலிருந்து வரும் தாளம் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. நம்மூர்ப் பழைய வீடுகளில் ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவே நிலைவாசல் இருக்கும். நன்றாக நடந்து வருகிறவர் அந்த இடத்தில் கால் தரையோடு ஒட்டியது போல நின்றுவிடுவார். வீட்டில் இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், அதுதான் ஆபத்து. இழுக்காமல் அவரை முழுசாக நிற்கவிட்டு, நாலு எண்ணிக்கை தாளம் கேட்கவிட்டு, ஐந்தாவதில் காலைத் தூக்கச் சொல்ல வேண்டும். இப்படி உறைந்து நிற்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தாளத்தை வேகப்படுத்தினால் அடி இன்னும் குறுகிவிடும். அவர்களுக்கு அவர்களுடைய வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பதே பாதுகாப்பு.

பாட்டுதான் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு, முதலிலிருந்து கடைசிவரை தாளம் நிற்காத கும்மி, கோலாட்டப் பாட்டுகளைத் தேடிக் கொடுப்பேன். சினிமாப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. சரணத்துக்கு நடுவே வரும் இசையில் தாளத்தை எடுத்துவிட்டு வயலினை மட்டும் விட்டிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், நடப்பவர் அங்கே தடுமாறுவார். முழுப் பாட்டையும் ஒரு தடவை கைதட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் பேச்சு. இதில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாபநாசத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். இடது மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, நாம் சொல்வது புரிகிறது, பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. ஒருநாள் அவர் மனைவி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “ஏம்மா, நேத்து சாயங்காலம் முழுப் பாட்டையும் என்கூடப் பாடிட்டாரு. ஒரு வார்த்தை விடல. ஆனா தண்ணி வேணுமான்னா தலைய மட்டும் ஆட்டுறாரு. வேணும்னே பேச மாட்டேங்கிறாரோ?” அந்தம்மா குரலில் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே இருந்தன.

வேண்டுமென்று இல்லை. பேச்சை உண்டாக்கும் பகுதி இடது மூளையில் அடிபட்டிருந்தாலும், நெடுநாள் பழகிய பாட்டு வேறு பாதைகள் வழியாக வெளியே வந்துவிடும். ஆனால் அது ஒரே கோர்வையாக வருகிறது. அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் உருவி, தேவைப்படும் இடத்தில் வைக்க அவரால் முடியாது. ஆகவே தினமும் இருபது பாட்டுப் பாடினாலும் ‘தண்ணி வேணும்’ என்பது அதிலிருந்து வந்துவிடாது. மனசுக்கு நல்லது, மூச்சுக்கும் நல்லது, பாடட்டும். பேச்சு வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது.

1973-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகிய மூவர் அதை வெளியிட்டார்கள். அன்றாடம் தேவைப்படும் சின்ன வாக்கியத்தை எடுத்து, பேச்சில் அது ஏறி இறங்குவதைக் கொஞ்சம் மிகைப்படுத்தி, இரண்டே ஸ்வரத்தில் இழுத்துப் பாடுவது. கூடவே நோயாளியின் இடது கையால் அசைக்கு ஒரு தட்டு. இரண்டு ஸ்வரமும் பெரும்பாலும் சட்ஜமத்துக்கும் (ஸ) சாதாரண காந்தாரத்துக்கும் (சற்றுத் தாழ்ந்த க) உள்ள தூரத்தில் இருக்கும். ‘தண்ணி வேணும்’ என்பதில் நீண்டு ஒலிக்கிற ‘வே’ மேல் ஸ்வரத்தில், மற்றவை கீழே. முதலில் நாம் முனகிக் காட்டுவோம், பிறகு சேர்ந்து பாடுவோம், பிறகு பாதியில் நம் குரலை எடுத்துவிட்டு அவரை முடிக்கவிடுவோம், அதன் பிறகு அவரே தனியாக. கடைசியில் “என்ன வேணும்?” என்று கேட்டு, அவர் பதிலாகச் சொல்ல வேண்டும். அது வந்ததும் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவது. புரிகிறது, ஆனால் பேச வரவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கே இது ஒத்துவரும். இதைப் பேச்சுப் பயிற்சியாளர்தான் தொடங்கி வைக்க வேண்டும். ஆசிரியரைத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். அங்கே சொல்லிக் கொடுத்ததை வீட்டில் அந்தம்மா தொடர்ந்தார். முதலில் வந்த வாக்கியம் ‘போதும்மா’. சோறு போடும்போது வந்தது.

வெறுமனே பாட்டுக் கேட்பதில் பலனே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. 2008-ல் பின்லாந்தின் ஹெல்சின்கியில் தெய்ப்போ சார்காமோ குழு வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களுக்குத் தாங்களே தேர்ந்தெடுத்த இசையை இரண்டு மாதம், தினம் ஒரு மணி நேரமாவது கேட்கக் கொடுத்தார்கள். ஒலிப் புத்தகம் கேட்டவர்களையும் எதுவும் கேட்காதவர்களையும்விட இவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் நன்றாகத் தேறின. எதுவும் கேட்காதவர்களைவிட மனச்சோர்வும் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது ‘தாங்களே தேர்ந்தெடுத்த’ என்பதை. நினைவும் உற்சாகமும்தான் நோக்கம் என்றால் பாட்டின் வேகத்தைவிடப் பிடித்த பாட்டா என்பதே பெரிசு.

வலிக்கு வருவோம். ‘வலி என்றால் மெதுவான இசை’ என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆபரேஷனுக்கு முன்னால் காத்திருக்கும் பதற்றத்துக்கு அது சரி. நிமிஷத்துக்கு 60 முதல் 80 தட்டு, அடிக்கிற வாத்தியம் இல்லாமல், திடீரென்று ஏறாத சத்தம், சொற்கள் இல்லாமல் இருந்தால் மேல். 2015-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்போ, அதன்போதோ, பின்போ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாள் குறையவில்லை. இசை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இப்படித் தெளிவாகத் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கும்.

சர்க்கரைப் புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்கிற நேரம் அப்படியில்லை. வெறுங்காலோடு வயலில் இறங்கிப் பழகியவர்கள் இங்கே அதிகம். கால் மரத்துப்போய், முள் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகி வருவார்கள். உள்ளங்கால் மரத்திருந்தாலும் ஓரத்தில் உணர்ச்சி இருக்கிற இடத்தில் கை பட்டால் துடிப்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் மெதுவான வீணை ஓடினால் மனசு வலியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அப்போது வேண்டியது கவனத்தைப் பிடித்து இழுக்கிற பாட்டு. வார்த்தை மனப்பாடமாகத் தெரிந்த, கூடச் சேர்ந்து பாடத் தோன்றுகிற பழைய பாட்டு. அடுத்த வரி என்ன என்று மனசு ஓடினால் வலிக்குக் கொடுக்கிற கவனம் குறையும். டிரஸ்ஸிங் முடிந்து கட்டுப் போட்ட பிறகு, அந்த மெதுவான வீணையைப் போடுங்கள். ஒரே ஆள், ஒரே கால், அரை மணி நேரத்துக்குள் இரண்டு வேறு இசை தேவைப்படுகிறது.

மறதி நோய்க்கு என்று வரும்போது, பாட்டு யாருடையது என்பதே எல்லாமும். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், வயசான அப்பாயி ஒருவர். பகலில் அமைதியாக இருப்பார். பொழுது சாயத் தொடங்கினால் “வீட்டுக்குப் போவணும், புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்” என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார், தடுத்தால் அடிப்பார். பேத்தி யூடியூபில் தேடி, மனசை அமைதிப்படுத்தும் இசை என்று போட்டிருந்ததைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். புல்லாங்குழல், நீரோடைச் சத்தம். அப்பாயிக்கு அது யார் வீட்டு இசையோ. வாழ்நாள் முழுக்க நாற்று நட்டவர் அவர். அவர் காதில் விழுந்தது நடவுப் பாட்டும் குலவையும்.

பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை கேட்ட பாட்டுகள் மனசில் ஆழமாகத் தங்கும். இப்போது 80 வயது என்றால், ஏறக்குறைய 1960-லிருந்து 1970 வரைக்கும் அவரைச் சுற்றி என்ன ஒலித்தது என்று தேட வேண்டும். சினிமாப் பாட்டு என்றால் எளிதில் கிடைத்துவிடும். அந்த ஊர் நடவுப் பாட்டை எந்த ஆப்பிலும் தேடி எடுக்க முடியாது. அதே தெருவில் அப்பாயியோடு நடவுக்குப் போன இன்னொரு பாட்டி இருந்தார். “சம்பா நடவுக்குப் பாடினதா, குறுவைக்கா?” என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தார். பேத்தி போனில் பதிவு செய்தாள். டெல்டாவில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் நான் கெஞ்சிக் கேட்பது இது: அந்தத் தலைமுறையில் பாடத் தெரிந்தவர் ஒருவராவது பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். தனிப்பட்ட விருப்பப் பாட்டுகளை மறதி நோயாளிகளிடம் சோதித்த அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா கெர்ட்னர், பதற்றம் வழக்கமாக உச்சத்துக்குப் போகும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே இசையைத் தொடங்கினார். அப்பாயிக்கு ஐந்தரை மணிக்கு ஆரம்பிக்கும் என்றால் ஐந்து மணிக்கே பாட்டு. முற்றிய பிறகு போட்டால் அது இன்னொரு சத்தம், அவ்வளவுதான். அப்பாயி நடப்பதை முழுசாக விட்டுவிடவில்லை. ஆனால் பாட்டு ஓடும்போது திண்ணையில் உட்கார்ந்து, கையை நாற்று நடுகிற மாதிரி அசைப்பார். அடிப்பது நின்றுவிட்டது.

ஒருவேளை பதற்றம் முன்பே ஏறிவிட்டால்? அப்போது நேராக மெதுவான பாட்டுக்குப் போகக் கூடாது. 1940களில் ஐரா ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சொன்ன முறை இன்றும் பயன்படுகிறது. ஆள் இப்போது எந்த நிலையில் இருக்கிறாரோ அதற்குச் சமமான இசையில் தொடங்கி, அங்கிருந்து படிப்படியாக நாம் விரும்பும் நிலைக்கு இசையை மாற்றிக்கொண்டு போவது. வேகமாக நடந்துகொண்டிருப்பவருக்கு முதலில் அந்த வேகத்திலேயே ஒரு பாட்டு, அடுத்தது மத்திம காலத்தில், அதாவது நடுத்தர வேகத்தில், அடுத்தது விளம்பம். பாட்டைத் தயார் செய்யும்போதே இந்த வரிசையில் மூன்று நான்கு பாட்டுகளை அடுக்கி வைத்துவிடுங்கள். மனம் துவண்டு படுத்திருப்பவருக்கு வரிசை தலைகீழ். துள்ளலான பாட்டை முதலில் போட்டால் எரிச்சல்தான் வரும்.

பழகிய ஒலி என்பதாலேயே எல்லாம் நல்லது என்று இல்லை. ஒரு வீட்டில் தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று பறை மேளப் பதிவைப் போட்டார்கள். சின்ன வயது மகனைப் பறிகொடுத்தவர் அவர். பாதியில் அழ ஆரம்பித்துவிட்டார். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்கிற அளவுக்கு, எந்த ஒலி கேட்கக் கூடாது என்பதையும் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்க வேண்டும்.

இப்போது காது. வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த ஸ்தாயி ஒலிகள். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் சரியாக வராது. ஆக, பெரியவருக்குக் கீழேயும் கேட்காது, மேலேயும் கேட்காது. நடுவில் கரகரப்பு மட்டும் மிஞ்சும். சத்தத்தை ஏற்றினால் காது வலிக்கும், பாட்டு தெளியாது. சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை இரண்டு மூன்று அடி தூரத்தில், நாம் சாதாரணமாகப் பேசுகிற அளவு சத்தத்தில் வையுங்கள். தாழ்ந்த சுருதி ஆண் குரல், வீணை, மிருதங்கம் போன்றவை பெண் குரலின் மேல் ஸ்தாயியையும் புல்லாங்குழலையும்விட அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். கேட்கும் கருவி வைத்திருந்தால் அதைப் போட்டுவிட்டுப் பாட்டைத் தொடங்குங்கள். இன்னொன்று, யூடியூபிலிருந்து நேரடியாகப் போடாதீர்கள். தூங்கப்போகிற நேரத்தில் நகைக்கடை விளம்பரம் இரண்டு மடங்கு சத்தத்தில் வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துவிட வேண்டும்.

நாள் முழுக்க எஃப்எம் ஓடுகிற வீடுகளில் நான் முதலில் செய்வது அதை அணைப்பது. 2006-ல் இத்தாலியின் லுசியானோ பெர்னார்டி குழு, நம் ராகம் ஒன்று உட்பட ஆறு வகை இசையைக் கேட்கவைத்து மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தது. எந்த வகை இசை என்பதைவிட வேகம் என்ன என்பதே மூச்சையும் நாடியையும் அதிகம் மாற்றியது. அதோடு, இடையில் விட்ட இரண்டு நிமிஷ மௌனத்தில் உடம்பு இசை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகத் தளர்ந்தது. இருபது முப்பது நிமிஷம் போட்டுவிட்டு நிறுத்துங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலும் கொஞ்சம் விடுங்கள்.

கேட்பது மட்டுமில்லை, பாடுவதும் மருந்தாக ஒத்துவரும் ஒரு இடம் மூச்சு. அரிசி ஆலையில் உமித் தூசியில் பல வருஷம் வேலை பார்த்து நுரையீரல் கெட்ட ஒருவருக்கு, மூச்சை நீளமாக வெளியே விடும் பயிற்சி சலிப்புத் தட்டியது. கோவிந்தபுரம், மருதாநல்லூர் என்று பஜனை சம்பிரதாயம் வளர்ந்த பகுதி இது. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே பஜனை மடம். நாமாவளியின் அமைப்பு இதற்கு அவ்வளவு பொருத்தம். முன்னால் பாடுகிறவர் ஒரு வரி பாடும்போது இவர் மூச்சை இழுத்துக்கொள்ளலாம், பதில் வரியில் மெதுவாக வெளியே விடலாம். வரி குட்டையாக இருக்க வேண்டும், சுருதி ஒரு கட்டையாவது இறக்கியிருக்க வேண்டும், வேகம் கூட்டிக்கொண்டே போகும் கடைசிப் பகுதியில் இவர் பாடாமல் கைதட்டினால் போதும். உதடு நீலமானாலோ, ஒரு வரிக்கு நடுவே இரண்டு தடவை மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிட வேண்டும்.

குறை மாதக் குழந்தைகள் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, அது என் வேலை இல்லை. ஆனால் ஜோன் லோவி குழு 2013-ல் அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பெற்றோருக்குப் பிடித்த பாட்டைத் தாலாட்டாக, குழந்தையின் மூச்சுக்கு ஏற்றபடி நேரில் பாடியது நல்ல பலன் தந்தது. ஆகவே அங்கே அம்மாவின் மெல்லிய குரல் போதும். இன்குபேட்டர் பக்கத்தில் போனை வைக்க வேண்டாம்.

எச்சரிக்கை என்று பார்த்தால், சிலருக்கு அபூர்வமாக இசையே வலிப்பைத் தூண்டும். வலிப்பு உள்ளவர்களுக்கு நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு ராகம் கேட்கும் வேலை வேண்டவே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நடைக்கான தாளத்தை எந்த எண்ணில் வைப்பது என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யலாம்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு தாளில் இவ்வளவும் எழுதி நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: அவருக்குப் பிடித்த பாட்டுகள், நடைக்கான எண், எந்த நேரத்தில் எவ்வளவு நேரம், சத்தம் எந்த அளவு, எந்த ஒலியைப் போடக் கூடாது. பார்த்துக்கொள்ளும் ஆள் மாறினாலும், ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அந்தத் தாள் கூடவே போகட்டும். நர்ஸிடம் மாத்திரைச் சீட்டோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.